‘அப்பீஸ்மென்ட்’: நல்ல சொல் எப்படி வசைச்சொல் ஆனது?

உக்ரைன் போர் பற்றிய விவாதமானாலும் சரி, இந்தியத் தேர்தல் மேடையானாலும் சரி, ‘அப்பீஸ்மென்ட்’ என்ற சொல் அடிக்கடி காதில் விழுகிறது. தமிழில் இதைத் திருப்திப்படுத்தும் கொள்கை, சமாதானப்படுத்தும் கொள்கை, தாஜா செய்யும் அரசியல் என்று பலவாறு எழுதுகிறார்கள். மூன்றும் ஒரே பொருளைத் தருவதில்லை. கோபித்துக்கொண்ட சம்பந்தியைச் சமாதானப்படுத்தினார் என்றால் அது பாராட்டு. அதிகாரியைத் தாஜா செய்தார் என்றால் அது இழிவு. குழப்பத்துக்குக் காரணம் மொழிபெயர்ப்பு மட்டுமல்ல. அந்த ஆங்கிலச் சொல்லுக்கே இரண்டு வாழ்வு உண்டு. 1938 செப்டம்பர் வரை அது ஏறக்குறைய நம் ‘சமாதானப்படுத்துதல்’. 1939 மார்ச்சுக்குப் பிறகு அது முழுக்க முழுக்க ‘தாஜா’. இடைப்பட்ட ஆறு மாதங்களில் நடந்ததைப் புரிந்துகொண்டால்தான், இன்று ஒருவர் இந்தச் சொல்லை வீசும்போது அது பொருந்துகிறதா இல்லையா என்று எடைபோட முடியும்.

சொல்லின் வேர்

லத்தீனில் ‘பாக்ஸ்’ என்றால் அமைதி. அது பழைய பிரெஞ்சில் ‘பே’ ஆகி, ‘அமைதிக்குக் கொண்டுவருதல்’ என்ற பொருளில் ஒரு வினைச்சொல் பிறந்தது. அந்த வினைதான் இடைக்காலத்தில் ஆங்கிலத்துக்குள் ‘அப்பீஸ்’ என நுழைந்தது. கோபத்தைத் தணித்தல், பசியை ஆற்றுதல், சண்டையை ஓயவைத்தல் ஆகிய எல்லாவற்றுக்கும் அது பயன்பட்டது.

‘பே பண்ணியாச்சு’ என்று நாம் நாள்தோறும் சொல்லும் ‘பே’யும் இதே குடும்பம்தான். கடன் கொடுத்தவரை அமைதிப்படுத்துவது என்பதிலிருந்தே பணம் செலுத்துதல் என்ற பொருள் அதற்கு வந்தது. எதையாவது கொடுத்து எதிராளியை அடங்கச் செய்வது என்ற கருத்து, இந்தக் குடும்பத்தில் ஆதியிலிருந்தே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நம் மரபில் இதற்கு இணையாகச் சாம, தான, பேத, தண்டம் என்ற நான்கு உபாயங்கள் உண்டு. இன்சொல்லால் இணக்குவது சாமம், கொடுத்து இணக்குவது தானம். ஐரோப்பியச் சொல் இந்த இரண்டையும் ஒன்றாக உருட்டி வைத்திருக்கிறது. பின்னால் வந்த சிக்கலில் பாதி இங்கேயே தொடங்குகிறது. பேசிப் பார்ப்பதும் விட்டுக்கொடுப்பதும் ஒன்றல்ல.

பெருமையோடு சொல்லப்பட்ட கொள்கை

முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி மீது 1919-இல் வெர்சாய் ஒப்பந்தம் சுமத்தப்பட்டது. ராணுவத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் கூடாது, பிரான்ஸ் எல்லையை ஒட்டிய ரைன்லாந்துப் பகுதியில் படை நிற்கக் கூடாது, ஆஸ்திரியாவோடு சேரக் கூடாது, இழப்பீடு கட்ட வேண்டும் என்று நிபந்தனைகள் நீண்டன. 1920-களிலேயே பிரிட்டனில் பலர் இது அளவுக்கு மீறிய தண்டனை என்று எண்ணத் தொடங்கிவிட்டார்கள். நியாயமான குறைகளைத் தீர்த்துவைத்தால் ஜெர்மனி மற்ற நாடுகளைப்போல நடந்துகொள்ளும் என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்துக்கு வைத்த பெயர்தான் அப்பீஸ்மென்ட்.

1936-இல் வெளியுறவு அமைச்சர் ஆந்தனி ஈடன், ஐரோப்பா முழுவதன் அப்பீஸ்மென்ட்டே நம் குறிக்கோள் என்று நாடாளுமன்றத்தில் பேசினார். அதில் வெட்கம் ஏதும் இல்லை. 1937 மே மாதம் பிரதமரான நெவில் சேம்பர்லினும் அப்படித்தான் பேசினார். பின்னாளில் இந்தக் கொள்கையின் எதிரியாகப் பெயர் வாங்கியவர் ஈடன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையில் அவர் மீண்டும் வருவார்.

பிரிட்டன் ஏன் இந்த வழியைப் பிடித்தது?

சேம்பர்லினைக் கோழை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அன்றைய கணக்கு வேறு.

1. முதல் உலகப் போரில் பிரிட்டன் மட்டும் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்திருந்தது. அதன்பின் இருபது ஆண்டுகூட முடியவில்லை. இன்னொரு போரை மக்கள் விரும்பவில்லை.

2. விமானக் குண்டுவீச்சைத் தடுக்கவே முடியாது என்று அன்று நம்பினார்கள். குண்டுவீச்சு விமானம் எப்படியும் ஊடுருவிவிடும் என்று முன்னாள் பிரதமர் ஸ்டான்லி பால்ட்வின் 1932-இல் நாடாளுமன்றத்திலேயே சொன்னார். 1938 கோடையில்தான் ஸ்பிட்ஃபயர் போர் விமானம் படைப்பிரிவுக்கு வரத் தொடங்கியது. கடலோர ரேடார் வரிசை முழுமை பெறவில்லை.

3. எதிரி ஒருவர் அல்ல. ஐரோப்பாவில் ஜெர்மனி, மத்தியதரைக் கடலில் இத்தாலி, கிழக்கே ஜப்பான் என மூன்று பக்கமும் ஒரே நேரத்தில் சமாளிக்கும் படைபலம் பிரிட்டனிடம் இல்லை.

4. கனடா, தென்னாப்பிரிக்கா போன்ற டொமினியன் நாடுகள் (பிரிட்டிஷ் பேரரசுக்குள் தன்னாட்சி பெற்றவை) மத்திய ஐரோப்பாவின் எல்லைத் தகராறுக்காகப் போரில் இறங்கத் தயங்கின.

மூன்றாவது காரணத்தைத் திருக்குறளின் ‘பகைத்திறம் தெரிதல்’ அதிகாரத்திலேயே பார்க்கலாம். துணையில்லாமல் இரண்டு பகைவரை எதிர்கொள்பவன் அவர்களில் ஒருவரை இனிய துணையாக்கிக்கொள்ள வேண்டும் என்கிறது 875-ஆம் குறள். முசோலினியை ஹிட்லரிடமிருந்து பிரிக்க சேம்பர்லின் முயன்றது இந்தத் தர்க்கத்தில்தான். அந்தப் பேச்சுவார்த்தை பிடிக்காமல் 1938 பிப்ரவரி 20-இல் ஈடன் பதவி விலகினார்.

ஆனால் அதே அதிகாரத்தில் 879-ஆம் குறளும் இருக்கிறது:

இளைதாக முள்மரம் கொல்க களையுநர்
கைகொல்லும் காழ்த்த இடத்து

முள்மரத்தைக் கன்றாக இருக்கும்போதே வெட்டு, வைரம் பாய்ந்தபின் வெட்டப் போனால் வெட்டுபவன் கையைத்தான் அது பதம் பார்க்கும் என்கிறார். இந்தக் கொள்கையை எதிர்த்த சர்ச்சிலின் வாதம் இதுதான். 1936 மார்ச் 7-இல் ஹிட்லர் ஒப்பந்தத்தை மீறி ரைன்லாந்துக்குள் படை அனுப்பியபோது ஜெர்மானியப் படை இன்னும் கன்றுதான். பிரான்ஸும் பிரிட்டனும் அசையவில்லை. இரண்டு ஆண்டு கழித்து, 1938 மார்ச் 12-இல், ஆஸ்திரியா விழுங்கப்பட்டது.

மியூனிக்: நடந்தது என்ன?

செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லையோர மலைப்பகுதிக்கு சுடெட்டன்லாந்து என்று பெயர். அங்கே முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட ஜெர்மன் மொழி பேசும் மக்கள் வாழ்ந்தார்கள். அவர்களுக்கு உண்மையான குறைகள் இருந்தன: அரசு வேலைகளில் குறைவான இடம், பொருளாதார மந்தத்தில் கடும் வேலையின்மை. ஜெர்மனியிலிருந்து செக் நிலத்தைக் காக்கும் மலைகளும், பெரும் செலவில் கட்டிய கான்கிரீட் அரண்களும் இதே பகுதியில்தான் இருந்தன. இந்த இரண்டாவது செய்தியே முக்கியமானது.

அப்பகுதி ஜெர்மானியர்களின் கட்சித் தலைவர் கான்ராட் ஹென்லைன் 1938 மார்ச் 28-இல் ஹிட்லரைச் சந்தித்தார். அங்கே பெற்ற உத்தரவின் சாரத்தை அவரே சொல்லியிருக்கிறார்: எப்போதும் நம்மைத் திருப்திப்படுத்தவே முடியாத அளவுக்குக் கேட்க வேண்டும். அடுத்த மாதம் கார்ல்ஸ்பாட் நகரில் அவர் எட்டுக் கோரிக்கைகளை வெளியிட்டார். கோரிக்கை நிறைவேறுவதற்காக அல்ல, நிறைவேறாமல் இருப்பதற்காகவே எழுதப்பட்டது. எதிர்த்தரப்பு இப்படி இருந்தால் திருப்திப்படுத்தும் கொள்கை எப்படி வேலை செய்யும்?

அதன்பின் நடந்தவை:

1. செப்டம்பர் 15: 69 வயது சேம்பர்லின் விமானமேறி பெர்ச்டெஸ்காடனில் ஹிட்லரைச் சந்தித்தார். ஜெர்மானியர் பெரும்பான்மையாக உள்ள பகுதிகளைக் கொடுப்பது பற்றிப் பேச்சு நடந்தது. திரும்பி வந்து பிரான்ஸையும், கடும் நெருக்குதல் கொடுத்து செக் அரசையும் இதற்கு இணங்கவைத்தார்.

2. செப்டம்பர் 22: கோடெஸ்பெர்க்கில் இரண்டாவது சந்திப்பு. கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது என்று சேம்பர்லின் சொன்னதும், அது இனிப் போதாது என்றார் ஹிட்லர். சில நாட்களுக்குள் செக் படை வெளியேற வேண்டும் என்பது புதிய நிபந்தனை. பிறகு ‘உங்களுக்காக’ என்று சொல்லி அக்டோபர் 1 வரை அவகாசம் தந்தார். மே 30-ஆம் தேதியே அவர் கையெழுத்திட்ட, செக்கோஸ்லோவாக்கியாவைத் தாக்குவதற்கான ராணுவ உத்தரவில் தயாராக இருக்க வேண்டிய கடைசி நாள் அக்டோபர் 1. அவர் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை.

3. செப்டம்பர் 23: செக் அரசு படை திரட்டியது. பத்து லட்சம் பேருக்கு மேல் திரண்டார்கள். லண்டன் பூங்காக்களில் பதுங்கு குழி வெட்டினார்கள், வீடுவீடாக நச்சுவாயு முகமூடி கொடுத்தார்கள். செப்டம்பர் 27 வானொலி உரையில், நமக்கு ஒன்றும் தெரியாத மனிதர்கள் எங்கோ தொலைதூர நாட்டில் போடும் சண்டைக்காக நாம் இங்கே குழி வெட்டுகிறோமே என்று சேம்பர்லின் வருந்தினார். இந்த வாக்கியம் அவரை இன்றுவரை துரத்துகிறது.

4. செப்டம்பர் 29: மியூனிக்கில் ஹிட்லர், முசோலினி, சேம்பர்லின், பிரெஞ்சுப் பிரதமர் டலாடியே ஆகிய நால்வரும் கூடினார்கள். முசோலினி நடுவரைப்போல ஒரு வரைவை எடுத்து வைத்தார். அது ஜெர்மானியத் தரப்பே எழுதி ரோமுக்கு அனுப்பிய வரைவு. சோவியத் ஒன்றியத்துக்கு அழைப்பில்லை. செக் தரப்பின் இரண்டு தூதர்கள் விடுதியில் காத்திருந்தார்கள். நள்ளிரவு தாண்டிக் கையெழுத்தான பிறகு அவர்களிடம் முடிவு தெரிவிக்கப்பட்டது. கருத்துக் கேட்கப்படவில்லை.

ஒப்பந்தத்தின்படி அக்டோபர் 1-இல் தொடங்கி 10-க்குள் பகுதிகளை ஒப்படைக்க வேண்டும். அங்குள்ள கட்டமைப்பு எதையும் இடிக்கக் கூடாது என்று தனி விதி இருந்தது. கோட்டையைக் கொடு, ஒரு செங்கல்லும் பெயராமல் கொடு என்பதே இதன் பொருள். சில இடங்களில் மக்கள் வாக்கெடுப்பு நடக்கும் என்று எழுதினார்கள், நடக்கவே இல்லை. மிஞ்சிய நாட்டின் புதிய எல்லைக்கு உத்தரவாதம் தருவதாக இணைப்பில் சொன்னார்கள், அதுவும் காப்பாற்றப்படவில்லை.

மறுநாள் காலை சேம்பர்லின் ஹிட்லரிடம் தனியாக இன்னொரு தாளில் கையெழுத்து வாங்கினார். நம் இரு மக்களும் இனி ஒருபோதும் ஒருவரோடு ஒருவர் போரிட மாட்டார்கள் என்ற விருப்பம் அதில் இருந்தது. லண்டன் விமான நிலையத்தில் அவர் ஆட்டிக்காட்டிய புகழ்பெற்ற தாள் இதுதான்; மியூனிக் ஒப்பந்தம் அல்ல. இரண்டையும் பலர் ஒன்றாக்கிக் குழப்புகிறார்கள். கூட்டம் ஆர்ப்பரித்தது. ஒரு வாரத்தில் நாடாளுமன்றம் 366-க்கு 144 என்ற வாக்கில் கொள்கைக்கு ஒப்புதல் கொடுத்தது. கடற்படை அமைச்சர் டஃப் கூப்பர் மட்டும் பதவியைத் தூக்கி எறிந்தார்.

ஆறே மாதத்தில் சொல் கெட்டது

1938 நவம்பர் 9 இரவு ஜெர்மனி முழுவதும் யூதர்களின் கடைகளும் வழிபாட்டு இல்லங்களும் நொறுக்கப்பட்டன, எரிக்கப்பட்டன. பிரிட்டன் மக்களின் மனம் அப்போதே திரும்பத் தொடங்கியது. 1939 மார்ச் 15-இல் ஜெர்மானியப் படை பிராகா நகருக்குள் நுழைந்தது.

இதுவரை ஹிட்லர் கேட்டதெல்லாம் ஜெர்மானியர் வாழும் பகுதிகள். ‘ஐரோப்பாவில் எனக்கு இதுவே கடைசி நிலக் கோரிக்கை’ என்று செப்டம்பரில் மேடையில் முழங்கியும் இருந்தார். பிராகா செக் மக்களின் தலைநகர். அங்கே ‘எங்கள் இனத்தவரை மீட்கிறோம்’ என்று சொல்ல வழியே இல்லை. நியாயமான குறையைத் தீர்த்தால் போதும் என்ற அடிப்படை அன்றோடு உடைந்தது. மார்ச் 31-இல் சேம்பர்லினே போலந்துக்குப் பாதுகாப்பு உறுதி கொடுத்தார். செப்டம்பர் 1-இல் போலந்து தாக்கப்பட்டது. 3-ஆம் தேதி பிரிட்டன் போரை அறிவித்தது.

பிராகாவோடு ஸ்கோடா ஆயுத ஆலையும், நூற்றுக்கணக்கான செக் டாங்குகளும் ஜெர்மனியின் கைக்குப் போயின. 1940 மே மாதம் பிரான்ஸுக்குள் பாய்ந்த ஜெர்மானியத் தளபதி ரோமலின் 7-ஆவது பான்சர் (டாங்கிப் படை) டிவிஷனில் செக் டாங்குகள் பெரும் பங்கு வகித்தன. மியூனிக்கில் கையெழுத்திட்ட பிரான்ஸை, மியூனிக்கால் கைமாறிய டாங்குகளே நசுக்கின.

தவறு எந்த இடத்தில்?

பகைவனோடு உட்கார்ந்து பேசியதே தவறு என்பது பரவலான எண்ணம். நான் அதை ஏற்கவில்லை. பேச்சுவார்த்தையில் பிழையில்லை, பேரத்தின் அமைப்பில்தான் பிழை. அதை நான்காகப் பிரிக்கலாம்.

1. கொடுத்தது அடுத்தவர் சொத்து. பிரிட்டனோ பிரான்ஸோ தம் நிலத்தில் ஒரு சாண்கூடக் கொடுக்கவில்லை. இழப்பு தன்னுடையதாக இல்லாதபோது விலை மலிவாகத் தெரியும்.

2. கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது. பெற்றதை எந்த நேரமும் பறிக்கலாம். கொடுத்தது மலையும் கோட்டையும். பெற்றது வாய்ச்சொல். கோட்டை போன மறுநாளே செக் நாட்டால் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது. வாக்கு மீறப்பட்டால் தட்டிக் கேட்கும் பலமும் அந்தக் கோட்டையோடு போய்விட்டது. மியூனிக்கின் இதயமே இந்த இடம்தான் என்பேன்.

3. கோரிக்கைக்கு எல்லை குறிக்கப்படவில்லை. பெர்ச்டெஸ்காடனில் ஒன்று, ஒரே வாரத்தில் கோடெஸ்பெர்க்கில் இன்னொன்று. கொடுக்கக் கொடுக்க வளரும் கோரிக்கை குறையிலிருந்து பிறந்ததல்ல என்பதை அந்த ஒரு வாரமே காட்டிவிட்டது.

4. மீறினால் என்ன என்ற பதில் இல்லை. எல்லை உத்தரவாதம் தாளில் இருந்தது. அதை நிறைவேற்ற எந்தப் படை, எந்த வழியாகப் போகும் என்ற திட்டம் இல்லை.

இந்தியாவிலிருந்தும் அன்றே எதிர்வினை வந்தது. 1938 அக்டோபரில் ‘ஹரிஜன்’ இதழில் காந்தி மியூனிக் பற்றி எழுதினார். ஏழு நாள் மண்ணுலக வாழ்வுக்காக ஐரோப்பா தன் ஆன்மாவை விற்றுவிட்டது, மியூனிக்கில் கிடைத்த அமைதி வன்முறையின் வெற்றி என்பது அவர் தீர்ப்பு. அகிம்சையைப் போதித்தவரே இப்படிச் சொன்னார் என்பது கவனிக்கத்தக்கது. போர் நின்றது என்பதற்காக மட்டும் அவர் அதை அமைதி என்று ஏற்கவில்லை.

வேறு வழி இருந்ததா?

வரலாற்றாசிரியர்கள் இன்னும் இதில் ஒத்துப்போகவில்லை. 1967-இல் பிரிட்டன் சட்டம் மாறி, அரசு ஆவணங்களை 50 ஆண்டுகளுக்குப் பதில் 30 ஆண்டுகளில் திறக்க வழி பிறந்தது. அமைச்சரவைக் குறிப்புகளையும் தளபதிகளின் எச்சரிக்கைகளையும் படித்த ஆய்வாளர்கள் சேம்பர்லினை முன்பைவிடப் பரிவோடு பார்த்தார்கள். கிடைத்த ஓராண்டில் பிரிட்டன் போர் விமானங்களையும் ரேடாரையும் பெருக்கியது உண்மை. 1940-இல் வான்போரில் தப்பியதற்கு அது உதவியது.

எதிர்வாதமும் வலுவானது. அந்த ஓராண்டு ஜெர்மனிக்கும் கிடைத்தது. 1938-இல் ஜெர்மனியின் மேற்கு எல்லை அரண் கட்டி முடிக்கப்படவில்லை. போர் வந்தால் அழிவு என்று எச்சரித்த தரைப்படைத் தலைமைப் பணிக்குழுத் தலைவர் லுட்விக் பெக் ஆகஸ்டில் பதவி விலகினார். போர் மூண்டால் ஹிட்லரைக் கவிழ்ப்பது பற்றி உயர் அதிகாரிகள் சிலர் திட்டமிட்டார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட செக் டிவிஷன்கள் கோட்டைகளில் நின்றன. 1939-இல் அந்தப் படையும் இல்லை, சோவியத் ஒன்றியமும் ஹிட்லரோடு ஒப்பந்தம் போட்டுவிட்டது. கால அவகாசம் வாங்கியது லாபமா நஷ்டமா என்று கூட்டிக் கழித்தால், நஷ்டப் பக்கமே கனமாகத் தெரிகிறது.

‘இன்னொரு மியூனிக்’ என்ற அச்சுறுத்தல்

போருக்குப் பிறகு இந்தச் சொல் வாதத்தை முடித்துவைக்கும் ஆயுதமாகிவிட்டது. யாராவது பேசித் தீர்க்கலாம் என்றால் ‘மியூனிக்’ என்று சொல்லி வாயடைக்கலாம். இது செய்த கெடுதலும் குறைவல்ல.

சூயஸ், 1956. எகிப்து அதிபர் நாசர் கால்வாயை நாட்டுடைமையாக்கினார். அப்போது பிரிட்டன் பிரதமர், 1938-இல் பதவி விலகிய அதே ஈடன். நாசரை முப்பதுகளின் சர்வாதிகாரிகளோடு ஒப்பிட்டுப் படையெடுத்தார். அமெரிக்கா எதிர்த்தது, பவுண்டின் மதிப்பு சரிந்தது, சில நாட்களில் போர்நிறுத்தம். 1957 ஜனவரியில் ஈடன் பதவி இழந்தார். தன் நாட்டுக் கால்வாயை நாட்டுடைமையாக்கியவரை, அண்டை நாடுகளை விழுங்கியவரோடு ஒப்பிட்டதே அடிப்படைப் பிழை.

வியட்நாம், 1965. சரணாகதி அமைதி தராது, வெற்றி ஆக்கிரமிப்பாளனின் பசியைத்தான் வளர்க்கும் என்று மியூனிக்கில் கற்றோம் எனச் சொல்லித்தான் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் படைகளைக் கூட்டினார். அந்தப் போர் முடிந்த விதம் தெரிந்ததே.

கியூபா, 1962. எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் எடுத்துக்காட்டு இது. கியூபாவில் நிறுவப்பட்ட சோவியத் ஏவுகணைகளைக் குண்டுவீசி அழிக்க வேண்டும் என்று கேட்ட அமெரிக்க விமானப்படைத் தளபதி கர்டிஸ் லெமே, அக்டோபர் 19-இல் அதிபர் கென்னடியின் முகத்துக்கு நேரே, இது ஏறக்குறைய மியூனிக்கில் நடந்த அப்பீஸ்மென்ட் அளவுக்கு மோசம் என்றார். கென்னடியின் தந்தை 1938-இல் லண்டனில் அமெரிக்கத் தூதராக இருந்து சேம்பர்லினை ஆதரித்தவர் என்பதால் இது கூரிய அடி. கென்னடி கடல் முற்றுகையோடு நிறுத்தினார். கியூபா மீது படையெடுப்பதில்லை என்று உறுதி தந்தார். துருக்கியிலிருந்த அமெரிக்க ஜூபிட்டர் ஏவுகணைகளை அகற்றுவதாக ரகசியமாக ஒப்புக்கொண்டார். அணு ஆயுதப் போர் தவிர்ந்தது.

இதுவும் விட்டுக்கொடுத்தல்தான். ஏன் இது மியூனிக் ஆகவில்லை? மேலே சொன்ன நான்கையும் வைத்துப் பாருங்கள். கொடுத்தது தன் ஏவுகணை. பதிலுக்கு வந்ததும் வாய்ச்சொல் அல்ல, கண்ணால் சரிபார்க்கக்கூடிய ஏவுகணை அகற்றம். கோரிக்கைக்குத் தெளிவான எல்லை இருந்தது. மீறினால் எதிர்கொள்ளக் கப்பலும் விமானமும் ஆயத்தமாக நின்றன. சர்ச்சிலே 1950 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் இந்த வேறுபாட்டைச் சொல்லியிருக்கிறார்: அப்பீஸ்மென்ட் சூழ்நிலையைப் பொறுத்து நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம், பலவீனத்திலும் பயத்திலும் செய்தால் பேரழிவு, வலிமையோடு செய்தால் பெருந்தன்மை. அவர் பெயரைச் சொல்லி எல்லாப் பேச்சுவார்த்தையையும் எதிர்ப்பவர்கள் இந்த உரையைப் படிக்க வேண்டும்.

இந்திய அரசியலில் இந்தச் சொல்

இங்கே இதை வேறோர் இடத்தில் பொருத்துகிறோம்: சமூகங்களுக்கு அரசு தரும் சலுகையைக் குறிக்க. பிரிவினை விவாதம் சூடாக இருந்த 1940-களில், காங்கிரஸின் போக்கை விமர்சித்து அம்பேத்கர் தம் பாகிஸ்தான் பற்றிய நூலில் இச்சொல்லைப் பயன்படுத்தினார். அங்கே அவர் தாஜா செய்வதையும் உடன்பாடு காண்பதையும் கறாராகப் பிரிக்கிறார். தாஜா செய்வது எதிர்த்தரப்பின் கோரிக்கைக்கு எல்லையே வைக்காது. உடன்பாடு இரு தரப்பும் தாண்டக் கூடாத எல்லையை வரையும். ஹிட்லர் விஷயத்தில் நேச நாடுகள் பட்ட பாட்டையும் அவர் சுட்டினார். இந்த இலக்கணம் அன்றைய அரசியலைத் தாண்டியும் பயன்படும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மியூனிக்கில் எதிரே இருந்தது படை வைத்திருந்த அந்நிய ஆக்கிரமிப்பாளன். உள்நாட்டில் எதிரே இருப்பவர்கள் குடிமக்கள். அவர்களுக்குக் கிடைக்கும் எதையும் இந்தச் சொல்லால் குறித்தால், சொல்லாமலே அவர்களை ஆக்கிரமிப்பாளர் இடத்தில் வைத்துவிடுகிறோம். ஆகவே உள்நாட்டில் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: தரப்படுவது அரசியலமைப்பு உறுதிசெய்த உரிமையா, இல்லை அதற்கு மேலான சலுகையா? அதனால் அதே சமூகத்துக்குள் பலவீனமானவர்களுக்கு இழப்பு உண்டா? கேட்டது மக்களா, மக்கள் பெயரால் பேசும் தலைவர்களா?

ஷா பானு வழக்கு இதற்குச் சரியான சோதனை. விவாகரத்தான முஸ்லிம் பெண்ணுக்கு ஜீவனாம்சம் உண்டு என்று 1985 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் ராஜீவ் காந்தி அரசு 1986-இல் அதன் விளைவை மட்டுப்படுத்தும் சட்டம் கொண்டுவந்தது. அதே 1986 பிப்ரவரி 1-இல் அயோத்தியில் பாபர் மசூதி வளாகத்தின் பூட்டு நீதிமன்ற உத்தரவின்பேரில் திறக்கப்பட்டது. ஒரு தரப்பைத் தாஜா செய்ய ஒன்று, மறு தரப்பைத் தாஜா செய்ய இன்னொன்று என்று இரண்டையும் சேர்த்தே பலர் விமர்சித்தார்கள். முதல் நிகழ்வில் விலை கொடுத்தவர்கள் யார்? ‘திருப்திப்படுத்தப்பட்ட’ சமூகத்துப் பெண்களே. விடுதியில் காத்திருந்த செக் தூதர்களைப்போல, அந்தப் பெண்களும் பேரம் நடந்த அறையில் இல்லை. 2001-இல் டேனியல் லத்தீபி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்துக்குப் பெண்களுக்குச் சாதகமான விளக்கம் கொடுத்து நிலைமையை ஓரளவு சீர்செய்தது.

உக்ரைன் செய்திகளைப் படிக்கும்போது

2022 பிப்ரவரி 19-இல், ரஷ்யப் படையெடுப்புக்கு ஐந்து நாள் முன்பு, உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கி பாதுகாப்பு மாநாட்டில் பேசி மேற்கு நாடுகளின் அப்பீஸ்மென்ட் போக்கைக் கண்டித்தார். பேசிய இடம் மியூனிக். 1994 டிசம்பரில் புடாபெஸ்டில் கையெழுத்தான குறிப்பாணையின்படி உக்ரைன் தன் மண்ணிலிருந்த சோவியத் அணு ஆயுதங்களைக் கைவிட்டது. பதிலுக்கு ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் மூன்றும் அதன் எல்லைகளை மதிப்பதாக உறுதி தந்தன. 2014-இல் கிரிமியா பறிபோனபோது அந்த உறுதியை நிலைநாட்ட ஒரு வழிமுறையும் இல்லை. திரும்பப் பெற முடியாததைக் கொடுத்து, எந்த நேரமும் மீறக்கூடியதைப் பெற்ற இன்னொரு பேரம் அது.

ஆகவே போர்நிறுத்த வரைவு ஒன்று செய்தியில் வரும்போது, அதை அப்பீஸ்மென்ட் என்று ஒரு தரப்பும் யதார்த்தம் என்று மறு தரப்பும் சொல்வதை ஒதுக்கிவிட்டு, வரைவின் ஷரத்துகளில் இவற்றைத் தேடுங்கள்:

1. விட்டுக்கொடுக்கப்படும் நிலத்தில் அரண்கள் உள்ளனவா? அவை போனால் மிஞ்சிய நாட்டைக் காக்க இயலுமா?

2. பாதுகாப்பு உத்தரவாதத்தில் நாடுகளின் பெயர், படையின் அளவு, எத்தனை நாளில் வரும் என்பவை எழுதப்பட்டுள்ளனவா, இல்லை ‘ஆலோசிக்கப்படும்’ என்ற சொல் மட்டும்தானா?

3. எதிர்த்தரப்பின் கோரிக்கை முந்தைய சுற்றில் இருந்ததுதானா, இல்லை ஏற்றுக்கொண்டதும் வளர்ந்ததா?

4. நிலத்துக்கு உரியவர் கையெழுத்திடுகிறாரா, இல்லை முடிவு எடுத்த பின் அவருக்குத் தெரிவிக்கப்படுகிறதா?